கவசம் பூண்ட பண்டைப் புழு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அறிவியற் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுக எனச் செயற்குழுவினர் பணித்தனர். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகக் காலங்கழிக்கும் எமக்கு இது தகுமோ என்று முதலில் அஞ்சினோம். எனினும், துண்டுச் சீட்டுகளைக் கொண்டு கணக்கை நேர் செய்வது எம் அன்றாடத் தொழில். அதே முறையில் அறிஞர் கண்டறிந்த புழு ஒன்றைப் பற்றிப் படித்திருந்தமையால் பேசத் துணிந்தோம்.

இம்மும்பை மாநகரின் அடியிலுள்ள கரும்பாறை, ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. யாம் கூறவந்த புழு அதனினும் எட்டு மடங்கு மூத்தது. சீன நாட்டு யுன்னான் மாநிலத்தில் செங்ஜியாங் என்னுமிடத்தில், 1984ஆம் ஆண்டு, ஹௌ சியான்குவாங் என்னும் அறிஞர் கேம்பிரியன் காலத்துக் கடற்சேறு இறுகிய பாறைகளில் மெல்லுடல் உயிர்களின் படிவங்களைக் கண்டார். அவற்றின் வயது 51.8 கோடி ஆண்டு. அங்குக் கிடைத்தவற்றுள் மாவோடியன்ஷானியா என்பது ஒரு சிறு புழு. அதன் உடல் முழுவதும் வளையங்கள்; வளையந்தோறும் வரிசையாக நுண்தகடுகள்; வாய்ப்புறத்தில் நீட்டவும் உள்ளிழுக்கவும் வல்ல, முள் நிறைந்த துதிக்கை. இவ்வினத்தைப் பேலியோஸ்கோலெசிட் என்பர். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் கிடைத்த படிவத்துக்கு விட்டார்ட் என்பார் 1953இல் இட்ட பெயரையொட்டி வந்தது இது. பழம்புழு என்பது பொருள்.

புழு மடிந்தால் உடல் அழுகிப் போகும். பாஸ்பேட்டாலான தகடுகளோ சிதறிக் கிடக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அவற்றை, சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்து, எஞ்சிய துகளிலிருந்து ஆய்வாளர் பொறுக்கி எடுத்தனர். எவ்வுயிரின் உறுப்பு என்று தெரியாமல், தனித்தனியே பெயரும் இட்டனர். துருக்கியில் கிடைத்த தகட்டுக்கு 1977இல் ஹதிமோபனெல்லா என்று பெயர் வந்தது. பிற்காலத்தில், தகடுகள் வரிசை குலையாத தோல் துண்டுகள் அகப்பட்ட பின்னரே, அவையெல்லாம் இப்புழுக்களின் கவசம் என்பது விளங்கிற்று.

நம் நாட்டிலும் இதன் தொடர்பான சான்று உண்டு. ராஜஸ்தானத்து நாகௌர் மணற்கல்லில், கேம்பிரியன் காலத் தொடக்கத்தைக் காட்டும் ட்ரெப்டிக்னஸ் என்னும் வளைத்தடம் பதிந்துள்ளது. அங்கே உடல் இல்லை. ஊர்ந்து சென்ற வழி மட்டுமே உண்டு. பழம்புழுக்களின் உறவினர் எனக் கருதப்படும் பிரியாபுலிட் புழுக்கள் இன்றும் கடற்சேற்றில் வாழ்கின்றன. அவை அத்தகைய தடத்தை உண்டாக்குவதை ஆய்வாளர் 2010இல் காட்டினர்.

அன்பர்களே, இதைப் படித்தபோது எம் பிழை ஒன்று எம்மை உறுத்திற்று. எந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்தவர். அவர் மறைந்தபின், அவருடைய தகரப் பெட்டியிலிருந்த மணியார்டர் ரசீதுகளையும் வாடகைச் சீட்டுகளையும் குப்பையென்றெண்ணிப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டோம். "தாத்தா எந்த வருஷம் பம்பாய்க்கு வந்தார், அப்பா?" என்று எம் மகள் சென்ற ஆண்டு கேட்டாள். விடை கூற எம்மிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. ஐம்பது கோடி ஆண்டுக்கு முந்திய புழுவின் தகட்டைக் கல்லிலிருந்து எடுத்துக் காக்கின்றனர். நாமோ ஒரு தலைமுறைக்கு முந்திய தகப்பனாரின் கையெழுத்தைக் காக்கத் தவறினோம்.

பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்டும் காலம் இது. வீடு மாறும் நாளில்தான் பெட்டிகள் ஒழிக்கப்படுகின்றன. ஆகவே, பழைய ரேஷன் கார்டு, கடிதம், சீசன் டிக்கெட், விழா அழைப்பிதழ் எதுவாயினும் எறியுமுன் சங்கத்திற் காட்டுங்கள். பெயரும் ஆண்டும் குறித்துப் பேரேட்டில் ஏற்றும் பணியை யாம் செய்கிறோம். ஒரு வீட்டுத் துண்டும் மறு வீட்டுத் துண்டும் சேர்ந்தால், நம் முன்னோர் வந்த வழி புலப்படும்.