பெரிய ஆளோட எப்போ மோத விடணும்?

இந்த எபிசோட் எங்க ஆபீஸ் கேன்டீன்ல நடந்த ஒரு சண்டையில ஆரம்பிச்சது. வாய்ச்சண்டை தான், பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல அலாரம் வெச்சு எழுந்து பாக்ஸிங் பாக்குற ஆளுங்க எங்க டீம்ல ரெண்டே பேர். நான் ஒருத்தன், எனக்குப் பக்கத்து சீட் அண்ணன் ஒருத்தர். ஒரு சின்னப் பையனோட சண்டைய ரெண்டு பேரும் பாத்திருந்தோம். 14 சண்டை, 14 வெற்றி. அண்ணன் தயிர்சாதத்தப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டார்: "இன்னும் எத்தனை நாளைக்கு இவன் ஆட்டோ ஓட்டுறவங்களையே அடிச்சிட்டிருப்பான்? ஒரு பெரிய ஆளோட விடுங்கப்பா." நான், "அவசரப்பட்டா பையன் கெட்டுடுவாண்ணே"ன்னு சொன்னேன். லஞ்ச் முடிஞ்சது, பஞ்சாயத்து முடியல.

வீட்டுக்கு வந்து பழைய சண்டைகளத் திரும்பப் பாக்கும்போது தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நாங்க ரெண்டு பேருமே மாசக்கணக்கு, வருஷக்கணக்குல பேசிட்டிருந்தோம். உண்மையில பாக்க வேண்டியது ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவுல இருக்கிற படியோட உயரம்.

பாக்ஸிங் பாக்காதவங்களுக்காக ஒரு நிமிஷம். டென்னிஸ்ல டிரா போடுவாங்க, யார் வந்தாலும் ஆடித்தான் ஆகணும். அமெச்சூர் பாக்ஸிங்கும் அப்படித்தான். ஆனா ப்ரொஃபஷனல் பாக்ஸிங்ல எதிராளியை நம்ம ஆளுங்களே தேர்ந்தெடுக்கிறாங்க. அதுக்குன்னே மேட்ச்மேக்கர்னு ஒரு வேலை இருக்கு. முதல்ல 4 ரவுண்டு சண்டை, அப்புறம் 6, 8, 10. உலகப் பட்டம்னா 12. இந்த ஏணியில முதல் சில படிகள்ல நிக்கிறவங்களுக்கு ஜர்னிமேன்னு பேர். இங்கிலாந்துல பீட்டர் பக்லின்னு ஒருத்தர் இருந்தார். மொத்தம் 300 சண்டை, அதுல 256 தோல்வி. கேட்டா சிரிப்பு வரும். ஆனா நசீம் ஹமீது மாதிரி பின்னாடி உலக சாம்பியன் ஆனவங்க ஆரம்ப காலத்துல இவரோட தான் மோதினாங்க. அடி வாங்காம எப்படி நிக்கணும், எப்படிக் கட்டிப்பிடிச்சு நேரத்தை ஓட்டணும், கோபப்படுற சின்னப் பையனை எப்படி இன்னும் வெறுப்பேத்தணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் ஒரு வாத்தியார் மாதிரி. ஜெயிக்கிறது அவரோட வேலை இல்ல.

இந்த ஏணியே எனக்கு வேணாம்னு சொன்னவர் தான் வாசில் லோமசென்கோ. உக்ரைன்காரர். 2008 பீஜிங், 2012 லண்டன், ரெண்டு ஒலிம்பிக்ஸ்லயும் தங்கம். அமெச்சூர்ல 396 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வி கொடுத்தவரையும் திரும்ப அடிச்சு கணக்கை நேர் பண்ணிட்டார். இப்படிப்பட்ட ஆளுக்கு எதுக்கு 4 ரவுண்டு சண்டை? 2013 அக்டோபர்ல முதல் ப்ரொஃபஷனல் சண்டை, நாலாவது ரவுண்டுலயே முடிச்சார். ரெண்டாவது சண்டை, 2014 மார்ச் 1, டெக்சாஸ்ல சான் அன்டோனியோ. நேரா உலகப் பட்டம். ஜெயிச்சிருந்தா ரெண்டே சண்டையில உலக சாம்பியன், அதுக்கு முன்னாடி யாரும் பண்ணாத சாதனை.

எதிர்ல ஒர்லாண்டோ சலீதோ, மெக்சிகோ. ரெக்கார்டைப் பாத்தா 40 வெற்றி, 12 தோல்வி, 2 டிரா. எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க, "12 தடவை தோத்தவனா? சுலபம்"னு சொல்லிடுவாங்க. ஆனா அந்த மனுஷன் 1996-ல இருந்து காசுக்காக அடி வாங்கி, அடி கொடுத்துப் பழகினவர். முதல்ல எடை போடும்போதே வேலையைக் காட்டினார். 126 பவுண்டுக்குள்ள இருக்கணும், வந்தது 128-க்கு மேல. பட்டத்தை தராசுலயே இழந்துட்டார். லோமசென்கோ ஜெயிச்சா பட்டம் லோமசென்கோவுக்கு, சலீதோ ஜெயிச்சா யாருக்கும் இல்ல. அடுத்த நாள் ரிங்குக்குள்ள வரும்போது எடை ஏறி இன்னும் பெரிய ஆளா நின்னார். சண்டை முழுக்க உடம்புல அடி, இடுப்புல அடி, இடுப்புக்குக் கீழயும் அடி. ரெஃப்ரி ஒரு பாயின்ட் கூடக் குறைக்கல. பாக்குற நமக்கே கோபம் வரும்.

அநியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா திரும்பப் பாருங்க. முதல் பாதியில லோமசென்கோ கையையே அதிகம் விடல. லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 3 ரவுண்டு, ரவுண்டுக்கு 3 நிமிஷம், ஆக 9 நிமிஷத்துல கதை முடிஞ்சிடும். இங்க 36 நிமிஷம். அவ்வளவு தூரம் ஓடாத ஆள் முதல்லயே மூச்சை மிச்சம் பிடிச்சா எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சலீதோ உள்ள நுழைஞ்சதும் லோமசென்கோ கட்டிப்பிடிச்சார். அதைக் கூடச் சரியாப் பண்ணத் தெரியல, பிடிச்ச பிடியிலயே அடி விழுந்தது. பீட்டர் பக்லி மாதிரி ஒருத்தர் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை ராத்திரி இலவசமா சொல்லிக் கொடுத்திருக்கக் கூடிய பாடம். கடைசி ரவுண்டுல சலீதோவைத் தள்ளாட வெச்சார், ஆனா மணி அடிச்சிடுச்சு. மூணு நடுவர்ல ரெண்டு பேர் சலீதோ பக்கம்.

இங்க என் கட்சிக்கு ஒரு சிக்கல். மூணே மாசத்துல, ஜூன் 21 அன்னிக்கு, அதே எடைப் பட்டத்துக்கு கேரி ரஸல் ஜூனியரோட மோதினார். ரஸல் 24 சண்டை, 24 வெற்றி, ஆனா பெரிய பேர் உள்ள ஆள் ஒருத்தரும் அந்த லிஸ்ட்ல இல்ல. பொத்திப் பொத்தி வளத்த பிள்ளை. லோமசென்கோ ஜெயிச்சார், மூணாவது சண்டையிலயே உலக சாம்பியன். 1975-ல தாய்லாந்தோட சென்சாக் முவாங்சுரின் வெச்ச சாதனைக்குச் சமம். அப்போ அவசரம் சரியா, தப்பா? சலீதோகிட்ட வாங்கின 12 ரவுண்டு, ரஸல் ஜெயிச்ச 24 சண்டையை விட அதிகம் கத்துக் கொடுத்ததுன்னு தான் நான் சொல்வேன். ஆனா அந்த அளவு படியை ஏறிட்டு, விழுந்து, எழுந்து நிக்க ஒருத்தருக்கு 397 அமெச்சூர் சண்டை தேவைப்பட்டது. நம்ம 14-0 பையன்கிட்ட அது இல்ல.

அது இல்லாதவங்களுக்கு என்ன ஆகும்? டேவி மூர். நியூயார்க் பிராங்ஸ் பையன். 1980 கடைசியில ப்ரொஃபஷனல் ஆனார், 1982 பிப்ரவரில டோக்கியோவுக்கே போய் ஜப்பான்காரரை அடிச்சு ஜூனியர் மிடில்வெயிட் பட்டம். வெறும் ஒன்பதாவது சண்டை. 12-0 ஆன பிறகு, 1983 ஜூன் 16, மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிர்ல ராபர்டோ டுரான். அன்னிக்கு டுரானுக்கு 32-வது பிறந்தநாள். "டுரான் கதை முடிஞ்சது, மூர் ஜெயிப்பார்"னு தான் பந்தயம் கட்டினவங்களும் நினைச்சாங்க. டுரான் அதுக்குள்ள எழுபதுக்கு மேல சண்டை ஆடினவர். முதல் ரவுண்டுலயே கட்டை விரல் மூர் கண்ணுல பட்டது, கண் வீங்கி மூடிடுச்சு. அதுக்கப்புறம் நடந்ததை சண்டைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எட்டாவது ரவுண்டு வரைக்கும் விட்டாங்க. கூட்டத்துல இருந்தவங்களே நிறுத்துன்னு கத்தினாங்க. மூருக்கு அந்தப் பட்டம் திரும்பக் கிடைக்கவே இல்ல. மூர்கிட்ட திறமை இருந்தது, தைரியமும் இருந்தது. ஒரு கண்ணு மூடிட்டா மிச்சம் ரவுண்டை எப்படி ஓட்டுறதுன்னு மட்டும் 12 சண்டையில யாரும் அவருக்குக் கேள்வித்தாள் கொடுக்கல.

நான் கோட் எழுதிச் சாப்பிடுறவன். ராத்திரி 11 மணிக்கு ஏதாவது உடைஞ்சா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிட்டுத் தூங்கப் போவேன். ஒரு மனுஷனோட தலைக்குப் பழைய வெர்ஷன் கிடையாது. இந்த விஷயத்துல எனக்குத் தூக்கம் வராம போறதுக்குக் காரணம் அது தான்.

சரி, பொறுமையா போனா நல்லதா? டியோன்டே வைல்டர். 20 வயசு வாக்குல தான் கிளவுஸே மாட்டினார். நோய்வாய்ப்பட்ட குழந்தையோட மருத்துவச் செலவுக்காக ரிங்குக்கு வந்தவர். மூணு வருஷத்துல ஒலிம்பிக்ஸ் வெண்கலம், அது 2008. அவரை ரொம்ப மெதுவா வளத்தாங்க. 32 சண்டை, 32 நாக்கவுட், ஒருத்தரும் நாலாவது ரவுண்டைத் தாண்டல. 2015 ஜனவரில தான் பட்டச் சண்டை. அன்னிக்கு முதல் தடவையா 12 ரவுண்டு ஆடி ஜெயிச்சார். திட்டம் பலிச்சதுன்னு சொல்லலாம். பலிக்கலன்னும் சொல்லலாம். ஏன்னா 32 தடவை ஒரே வலது கையால கதை முடிஞ்சா, வேற எதையும் கத்துக்க வேண்டிய அவசியமே வரல. 2020-ல டைசன் ஃப்யூரி அவரைப் பின்னாடி தள்ளிக்கிட்டே போனப்போ அவர்கிட்ட பதில் இல்லாம போனதுக்கு வேர் அங்க இருக்குன்னு எனக்குப் படுது.

இவங்க எல்லாரையும் விட எனக்குப் பிடிச்ச மாடல் மைக் டைசனோடது. அவரைப் பத்தி நினைச்சாலே வேகம் தான் ஞாபகம் வரும், இல்லையா? 1985 மார்ச்ல முதல் சண்டை, 1986 நவம்பர்ல 20 வயசுல உலக சாம்பியன். ஆனா அது அவரோட 28-வது சண்டை. 1985-ல மட்டும் 15 தடவை ரிங் ஏறினார். காலண்டர் பறக்குது, ஆனா ஒவ்வொரு படியும் ஒரு சாண் உயரம் தான். முதல் 19 பேரையும் நாக்கவுட் பண்ணின பிறகு, 1986 மே மாசம் ஜேம்ஸ் டில்லிஸ் வந்தார். முன்னாடி உலகப் பட்டத்துக்கே ஆடின அனுபவசாலி. விழ மாட்டேன்னு நின்னார், 10 ரவுண்டும் போச்சு. ரெண்டரை வாரத்துல மிட்ச் கிரீன், உயரமான ஆள், கட்டிப்பிடிச்சே 10 ரவுண்டு ஓட்டினார். பேப்பர்ல "டைசனால முடிக்க முடியல". மேட்ச்மேக்கருக்கு? நம்ம பையன் களைச்சாலும் தலை குழம்பாம ஆடுறான்னு தெரிஞ்சு போச்சு. ஆறு மாசத்துல பட்டம்.

நவோயா இனோவேவும் கிட்டத்தட்ட இதே வழி. ஆறாவது சண்டையில உலகப் பட்டம்னு கேட்டா பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். ஆனா நாலாவது சண்டையிலயே ரியோய்ச்சி தகுச்சியோட ஜப்பான் பட்டத்துக்கு 10 ரவுண்டு ஆடி முடிச்சிருந்தார். அந்தத் தகுச்சியும் பின்னாடி உலக சாம்பியன் ஆனவர் தான். ஜப்பான்ல உள்ளூர் பட்டத்துக்கே அவ்வளவு மதிப்பு. நடுப்படி இருக்கிற ஊர்ல வேகமா ஏறலாம்.

நம்ம ஊர்ல அந்த நடுப்படி இல்ல. விஜேந்தர் சிங்கை எடுத்துக்கோங்க. 2008-ல வெண்கலம், ஆனா ப்ரொஃபஷனல் ஆனது 2015 அக்டோபர்ல, மான்செஸ்டர்ல. ஏழாவது சண்டையில டெல்லில கெர்ரி ஹோப்பை அடிச்சு ஆசிய பசிபிக் பட்டம். முதல் வருஷம் மடமடன்னு சண்டை. அப்புறம் இடைவெளி ஆரம்பிச்சது. 2018-ல ஒரு சண்டை கூட இல்ல. 2019-ல ரெண்டு. அப்புறம் 16 மாசம் சும்மா. 2021 மார்ச்ல கோவால ஒரு கப்பல் மேல ரிங் போட்டு, ரஷ்யாக்காரர் ஆர்டிஷ் லோப்சன். விஜேந்தர் 12-0, லோப்சன் மொத்தமே ஆறு சண்டை ஆடினவர். பேப்பர்ல யார் பெரிய ஆள்? அஞ்சாவது ரவுண்டுல விஜேந்தர் தோத்தார். அப்போ அவருக்கு 35 வயசு. படி உயரம் அதிகமில்ல, ஆனா 16 மாசம் ஏறாத காலுக்கு அதுவே மலை.

இதுல என் சொந்தக் கதையும் கொஞ்சம் இருக்கு. லாக்டவுன் முடிஞ்ச சமயம், ஓடிடில 'சார்பட்டா பரம்பரை' பாத்துட்டு நானும் ஒரு ஜிம்ல சேந்தேன். (ஆமா, உங்கள்ல பாதிப் பேர் மாதிரி தான்.) மூணாவது மாசம் கோச், போட்டிக்குத் தயாராகிட்டிருந்த ஒரு பையனோட ஸ்பாரிங் விட்டார். பயம் போகட்டும்ங்கிற நல்ல எண்ணம் தான். ரெண்டே ரவுண்டு. பெரிய காயம் எதுவும் இல்ல, மூக்குல கொஞ்சம் ரத்தம். ஆனா அன்னிக்கு நான் ஒண்ணு கத்துக்கிட்டேன்: ஜாப் வந்தா கண்ணை மூடிக்கிறது. அதை மறக்க வைக்க அடுத்து வந்த கோச் எட்டு மாசம் பாடுபட்டார். பூ மாதிரி தட்டுற ஒரு அக்காவோட தினமும் பத்து நிமிஷம் நிக்க வெச்சார். இப்பவும் களைச்சுப் போனா கண் தானா மூடுது. எனக்கு அது பொழுதுபோக்கு, திங்கக்கிழமை ஆபீஸ் போயிடுவேன். இதே பழக்கம் பாக்ஸிங்கை நம்பி வாழப்போற ஒரு 18 வயசுப் பையனுக்கு ஒட்டிக்கிட்டா, அவனோட 14-0 ரெக்கார்டுல அது எங்கயும் எழுதியிருக்காது.

அதனால எங்க கேன்டீன் அண்ணனுக்கு என் பதில் இது. அண்ணே, அந்தப் பையனுக்கு இப்போ உலக சாம்பியன் வேணாம். ஆட்டோ ஓட்டுறவரும் வேணாம். இடது கைக்காரன் ஒருத்தன், விழாம எட்டு ரவுண்டு நிக்கிறவன் ஒருத்தன், உடம்புலயே அடிக்கிற வயசான மெக்சிகோக்காரர் ஒருத்தர். மூணையும் ஒரே வருஷத்துல கொடுங்க. ஒண்ணுல தோத்தாலும் பரவால்ல. "தோக்காதவன்"னு போஸ்டர் அடிக்க முடியாம ப்ரமோட்டர் தான் ஒத்துக்க மாட்டார், அது வேற பஞ்சாயத்து.

அண்ணன் இதைக் கேட்டுட்டு, "அப்போ நான் சொன்னதைத் தானேடா நீயும் சொல்ற?"ன்னார். கொஞ்சம் உண்மை தான்.

நேரம் கிடைச்சா லோமசென்கோ, சலீதோ சண்டையில 12-வது ரவுண்டை மட்டுமாவது பாருங்க. அடுத்த வாரம், 126 பவுண்டுக்கு எடை போட்ட ஒரு ஆள் மறுநாள் எப்படி அவ்வளவு பெருசா ஆகுறார்னு, வெயிட் கட்டிங் பத்திப் பேசலாம். பாக்ஸிங் கத்துக்கிறவங்க யாராவது இருந்தா உங்க முதல் ஸ்பாரிங் எப்படி இருந்ததுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பார்ப்போம் மக்களே.