எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுக்கு?



டோக்கியோ, நியூயார்க் பங்குகள் எப்படிப் போகும், தங்கம் எங்கே நிற்கும், யெனும் டாலரும் என்ன ஆகும் என்று பேச இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். அந்தமான் தீவில் உட்கார்ந்து இதையெல்லாம் பேச வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2021 மார்ச்சில், அந்தமான் நிக்கோபாரின் மின்வழங்கலை மேம்படுத்த ஜப்பான் ஏறத்தாழ 400 கோடி யென் நன்கொடை தர ஒப்புக்கொண்டது. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 110 யென். தொகை ஏறக்குறைய 3 கோடியே 64 லட்சம் டாலருக்குச் சமம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் டாலர் 160 யெனைத் தாண்டிய நாளில் அதே தொகையின் மதிப்பு இரண்டரைக் கோடி டாலர்தான். கொடுத்த கையில் குறைவில்லை, யென் இறங்கிவிட்டது. நம் விளக்குகள் பெரும்பாலும் டீசலில் எரிகின்றன, கச்சா எண்ணெயின் விலையோ டாலரில். ஆக, இரண்டு நாணயங்களும் நம் வீட்டு விஷயம்.

இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் தலைவர் என்ற முறையில் நான் கேட்பது இதுதான்: உங்கள் கணிப்பு எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுக்கு?

தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. 1999இல் சுமார் 250 டாலருக்கு விழுந்தது. அமெரிக்கர் போட்ட பணத்தில் பத்தில் ஏழு பங்கு போயிற்று. அதே விலைகளை அந்தந்த ஆண்டின் ரூபாய் மதிப்பில் மாற்றிப் பாருங்கள். 1980இல் டாலர் 8 ரூபாய்க்கு அருகில். அவுன்ஸ் 7,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. 1999இல் டாலர் 43 ரூபாய். அவுன்ஸ் 10,000 ரூபாய்க்கு மேலே. உலகச் சந்தையில் தங்கம் சரிந்த அந்த இருபது ஆண்டுகளின் முடிவில் நம் கணக்கில் அது ஏறியதாகவே தெரிந்தது. “தங்கம் ஒருபோதும் இறங்காது” என்று நம் வீடுகளில் சொல்லப்படும் நம்பிக்கையின் பெரும்பகுதி ரூபாயின் வீழ்ச்சியிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அரிசியும் வாடகையும் எத்தனை மடங்கு ஏறின என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பவுன் வாங்கி வைத்தவர்களும் பின்தங்கியே இருந்தார்கள்.

நாடே நகையை அடகு வைத்த ஆண்டு ஒன்றும் உண்டு. 1991 ஜூலையில், நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாக வைக்கப்பட்டது. கிடைத்தது 40 கோடி டாலர் அளவு. அன்று அது தலைகுனிவாகப் பேசப்பட்டது. ஆனால் தங்கம் கையில் இருந்ததால்தான் வெளிநாட்டுக் கடன் தவணை தவறாமல் தப்பினோம் என்பதே என் கருத்து. 2022 முதல் 2024 வரை மைய வங்கிகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கியதற்கும், நெருக்கடியில் அந்நியச் செலாவணி கைக்கு எட்டாமல் போகுமோ என்ற அச்சமே காரணம். ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டதை எல்லா நாடுகளும் பார்த்தன. இந்த வாங்குதல் நீடிக்கும்வரை தங்கத்துக்குத் தாங்கு உண்டு. அச்சம் தணிந்தால் அந்தத் தாங்கும் தளரும்.

பங்குக்கு வருகிறேன். ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளியில் முடிந்தது. 2009 மார்ச்சில் 7,055. பழைய உச்சத்தைத் தாண்டிய நாள் 2024 பிப்ரவரி 22. பங்காதாயத்தை விட்டுப் பார்த்தால், நாற்பது வயதில் உச்சத்தில் முதல் போட்டவர் எழுபத்து நான்கு வயதில் அசலைப் பார்த்திருப்பார். அமெரிக்காவிலும் 1929 உச்சத்தை டௌ ஜோன்ஸ் குறியீடு மீட்க 1954 நவம்பர் ஆனது. நீண்ட காலம் வைத்திருந்தால் பங்கு ஏறும் என்று எஸ்ஐபி என்னும் மாதாந்திர முதலீட்டுத் திட்டத்தை விற்பவர்கள் சொல்கிறார்கள். யாருடைய நீண்ட காலம் என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

இனி வரும் ஆண்டுகளில் நான் அதிகம் கவனிப்பது ஜப்பானின் வட்டியை. பூஜ்ய வட்டியில் யென் கடன் வாங்கி உலகெங்கும் முதலீடு செய்தவர்கள் ஏராளம். 2024 ஜூலை 31இல் ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதமாக்கியது, இரண்டு நாள் கழித்து அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு சோர்வாக வந்தது. யென் விறுவிறுவென ஏற, கடன் வாங்கியவர்கள் கையிலிருந்ததை விற்றுக் கடனைத் தீர்த்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று நிக்கேய் 12.4 சதவீதம் விழுந்தது, நம் சென்செக்ஸும் 2,222 புள்ளி இழந்தது. மறுநாளே நிக்கேய் 10 சதவீதம் எழுந்தது. பதறி விற்றவருக்கு அந்த எழுச்சியால் பயனில்லை.

நகைக்கடன் பற்றிய கட்டுரைகளை முதல் அமர்விலேயே எடுத்துக்கொள்ளுமாறு அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கம் ஏறும்போது அதே சங்கிலிக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதை வாங்கிவிடுகிறோம். விலை சரிந்தால் மீதியைக் கட்டச் சொல்லி அறிவிப்பு வருகிறது, பிறகு ஏலம். நம் கணிப்பு பிழைத்தால் முதலில் அடிபடுவது அந்தக் குடும்பம். விலை எவ்வளவு சரிந்தால் ஏலத்துக்குப் போகும், எவ்வளவு கடனோடு நிறுத்திக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம் என்று அவர்கள் பயன்படுத்தக்கூடிய ஓர் எளிய கணக்கு இங்கே உருவாக வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.