கேள்வி என்னும் பணி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகச் சொல்லை வளர்த்து வரும் இந்த வட்டத்தில், சொல்லை அடக்கக் கற்பிக்கும் ஒரு பயிற்சியைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். உயிரை விட்டுவிடலாமா என்று தவிக்கிறவர்களின் தொலைபேசி அழைப்பை ஏற்கும் தொண்டர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி அது.

கேள்வி என்ற சொல் நம் மொழியில் இருபொருள் தருவது. செவிமடுத்தலும் கேள்வி, வினவுதலும் கேள்வி. வள்ளுவர் தம் 42ஆம் அதிகாரத்துக்கு இப்பெயரையே இட்டார். அங்கே அறிந்தவர் சொல்ல, அறிய விரும்புகிறவர் கேட்கிறார். தொலைபேசியில் திசை மாறுகிறது. துயருற்றவர் சொல்ல, தொண்டர் கேட்கிறார். அறிந்தவர் இங்கே துயருற்றவர்தாம்.

இந்த உண்மை தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. 1953 நவம்பரில் லண்டன் நகரத் தேவாலயம் ஒன்றில் சாட் வாரா என்னும் பாதிரியார் இத்தகைய தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். அவரைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். வந்தோரில் பலர் அத்தொண்டர்களிடமே மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்கும் தேவையின்றித் திரும்பினர். இதைக் கண்ட அவர், 1954 பிப்ரவரியில் கேட்கும் பொறுப்பைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பின் தொடக்கம் இது. இலங்கையில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகாவும் இதே நெறியில் எழுந்தவை.

பயிற்சியில் ஒருவர் அழைப்பவராகவும் மற்றொருவர் தொண்டராகவும் நடித்துப் பழகுகிறார்கள். முதலில் கைவிட வேண்டியது அறிவுரை. தமிழருக்கு இது எளிதன்று. முன்பின் அறியாதவரையும் 'தம்பி' என்றோ 'அம்மா' என்றோ விளிப்பது நம் பண்பு. ஆனால் 'தம்பி' என்றவுடன் நாம் அண்ணனாகிவிடுகிறோம். அண்ணன் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவான். 'எந்த ஊர்?' என்று அன்போடு கேட்பதும் நம் வழக்கமே. அழைப்பவரோ, 'எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று தேடுகிறாரோ' என அஞ்சி வாய் மூடிவிடக் கூடும். பெயரும் ஊரும் அவராக விரும்பிச் சொன்னால் போதும்.

இரண்டாவது, மறைபொருளை அறிதல். சாவை நேராகச் சொல்லுவோர் சிலரே. 'யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்னு பாக்கிறேன்', 'இனி என்னத்துக்கு', 'பிள்ளைகளைப் பாத்துக்க ஆள் இருக்கு' என்று பேச்சு சுற்றி வரும். தொண்டர் அப்போது வினவ வேண்டும்: 'தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று புதியவர்கள் நடுங்குவார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்றே காட்டுகின்றன. தனியே சுமந்த சொல்லை இன்னொருவர் பதறாமல் உச்சரிக்கக் கேட்பது பலருக்கு ஆறுதலாகிறது. 'ஆம்' என்றால், முடிவு செய்துவிட்டாரா, உடனே ஆபத்தில் இருக்கிறாரா, அருகில் யார் இருக்கிறார் என்பவற்றையும் நிதானமாகக் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, மௌனம். அழுகைக்கு இடையில் வரும் இடைவெளியை நிரப்பத் துடிக்கக் கூடாது. 'இருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்ற இரண்டு சொற்கள் போதும்.

தொண்டருக்கும் எல்லை உண்டு. கேட்டதை வீட்டுக்குச் சுமந்து செல்லாதிருக்க, பணி முடிந்ததும் மூத்த தொண்டரிடம் மனத்தை இறக்கிவைக்க வேண்டும். அழைப்பு துண்டிக்கப்பட்டால், அந்த முடிவு தெரியாமலே வாழப் பழக வேண்டும். பயிற்சியில் கடினமான பாடம் இதுவே.

அரசுப் பதிவுகளின்படி, இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,70,000க்கும் மேற்பட்டோர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் டெலி மானஸ் என்னும் அரசுச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். காவல் துறைக்கு அஞ்சி உதவி நாடாதோர் முன்பு பலர். முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

கவிஞர்களாகிய உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? இளைஞர்களின் கையெழுத்துப் படிகள் உங்களிடம் வருகின்றன. அவற்றில் சாவு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் அது கவிமரபு. சிலபோது அது ஓர் அழைப்பு. உவமை நன்றா, சந்தம் நன்றா என்று பார்த்துத் திருப்பி அனுப்புமுன், எழுதியவரைத் தனியே அழைத்து, 'இது கவிதை மட்டும்தானா, நீங்கள் நலமா?' என்று ஒருமுறை கேளுங்கள். 'ஆம், கவிதைதான்' என்று அவர் சிரித்தால் இழப்பு ஒன்றுமில்லை. சிரிக்காவிட்டால், பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். உதவி கிடைக்கும் இடத்துக்கு உடன் செல்லுங்கள்.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் நல்ல கவிதைகளோடு நல்ல செவிகளையும் வளர்க்க வேண்டும் என வாழ்த்தி அமைகிறேன்.