வெள்ளையும் மஞ்சளும்
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியமும் இசையும் பேசுவதே வழக்கம். என் தலைப்பைக் கேட்டதும் நம் செயலாளர் அவர்கள், "கீரையா?" என்று இருமுறை வினவினார்கள். ஆம், கீரைதான். கரிசலாங்கண்ணியைப் பற்றிச் சில சொல்ல வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். தாவர நூல் பயின்றவனும் அல்லன். இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தன். மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. கரிசலாங்கண்ணி விஷயத்திலும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுவே. சீட்டில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று. நம் கையில் வந்து சேரும் செடி எது?

இந்தக் கரக்பூரில் இக்கேள்விக்குத் தனி இடம் உண்டு. நம் குடியிருப்பில் தமிழர், தெலுங்கர், வங்காளியர், இந்தி பேசுவோர் யாவரும் அடுத்தடுத்த வீட்டினர். நாம் கரிசலாங்கண்ணி, கையாந்தகரை, கரிசாலை என்று பல பெயரிட்டு அழைக்கும் வெள்ளைப் பூச்செடியைத் தெலுங்கர் குண்டகலகர ஆகு என்கின்றனர். இந்திக்காரர் பாங்கரா என்கின்றனர். வங்காளியர் கேசுத் என்பர். மஞ்சட்பூ உடையதை நம் முன்னோர் பொற்றலைக் கையாந்தகரை என்று அழகாகப் பெயரிட்டனர். வங்காள நாட்டில் அதனைப் பீமராஜ் என்றும் பிருங்கராஜ் என்றும் வழங்குவதுண்டு. வடக்கேயோ பிருங்கராஜ் என்றால் பெரும்பாலும் வெள்ளைதான். ஆகவே கோல்பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் "பிருங்கராஜ்" என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் எது இருக்கும் என்பது கடைக்காரர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது. பொடியாக்கிய பின் பூவின் நிறத்தை யார் காண்பார்?

ஆதலால் செடியை உயிரோடு பார்த்துப் பழகுவதே வழி.

வெள்ளைக் கரிசலாங்கண்ணி ஓராண்டுப் பூண்டு. தாவர நூலார் இதனை எக்லிப்டா புராஸ்ட்ராட்டா என்பர். நிமிர்ந்தும் சாய்ந்தும் முழ உயரம் வளரும். எதிரெதிராக, காம்பு இல்லாத, நீண்டு ஒடுங்கிய இலைகள். தடவினால் சொரசொரக்கும். பூ சட்டைப் பொத்தானிலும் சிறியது. இதழ் உதிர்ந்த பின் பச்சைப் பொத்தான் ஒன்று நின்று, பழுத்துக் கறுத்த விதைகளை உதிர்க்கும். இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. தண்டையும் இலையையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். சற்று நேரத்தில் சாறு கறுத்து, கை மையிட்டது போல் ஆகிவிடும். வெட்டுக்காயப் பூண்டையும் வேறு களைகளையும் இதுவென்று பறித்து வருவோர் உளர். அவற்றை இச்சோதனையில் விலக்கிவிடலாம்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி பல்லாண்டு வாழ்வது. தரையில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். இலைக் கக்கத்திலிருந்து நீண்ட காம்பு ஒன்று எழுந்து, அதன் நுனியில் ஒரே ஒரு மஞ்சட்பூ நிற்கும். வெடேலியா சைனென்சிஸ் என்றிருந்த இதன் நூற்பெயரை இப்போது ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா என்று மாற்றிவிட்டனர். நம் இலாகாவில் படிவங்களின் எண்ணை மாற்றுவது போலத்தான். செடி பழைய செடியே.

இங்குதான் மூன்றாமவன் ஒருவன் வந்து புகுகிறான். பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் அலுவலக முகப்புகளிலும் பளபளக்கும் இலையோடு அடர்ந்து படர்ந்து, மஞ்சட்பூ பூத்துக் கிடக்கும் ஒரு கொடியைக் கண்டிருப்பீர்கள். அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா என்பது அதன் பெயர். நம் மஞ்சளுக்கு ஒன்றுவிட்ட உறவு. உலகின் மிகக் கேடான நூறு அயல் உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் தொகுத்த பட்டியலில் இதுவும் இடம் பெற்றது. நாற்றுப் பண்ணைகளிலேயே இதனை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று விற்பதுண்டு. பூவைப் பார்த்தால் ஏமாந்து போவோம். இலையைப் பார்க்க வேண்டும். அயற்கொடியின் இலை அகன்று, தடித்து, இருபுறமும் காது போல் பிளந்து மும்மடலாகத் தோன்றும். நம் மஞ்சளின் இலை குறுகி நீண்டது. ஓரத்தில் சிறு பல் இருந்தாலும் இருக்கும், மடல் பிளவு இராது.

இனி வளர்ப்பைச் சொல்கிறேன். இவ்வூர் மண் செம்பொறை மண். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் செங்கல். இரண்டு செடிகளுமோ ஈரம் விரும்பிகள். குளத்து வண்டலும் மக்கிய சாணமும் சம பங்கு கலந்தால்தான் நம் மண் இவற்றுக்கு இணங்குகிறது.

வெள்ளையை விதையால் வளர்க்க வேண்டும். விதையை மண்ணுக்குள் புதைத்து விட்டு, முளைக்கவில்லையே என்று ஏங்குவோர் பலர். இவ்விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்ணின் மேல் தூவி, கையால் மெல்ல அழுத்தி, பூவாளியால் நீர் தெளித்தால் போதும். ஆனி மாத மழையோடு தூவினால் ஆவணியில் பறிக்கலாம். பூக்கத் தொடங்கும் தருணமே பறிக்க ஏற்றது. பனிக்காலத்தில் அது தளர்ந்து மடிந்துவிடும். வருந்த வேண்டா, உதிர்ந்த விதை அடுத்த மழைக்குத் தானே எழும். சொல்லப் போனால் அதனை வளர்ப்பதைவிட அடக்குவதே பெரும்பாடு. நெல் வயலில் அது களையல்லவா?

மஞ்சளுக்கு விதையை நம்புவதில் பயனில்லை. நான்கு கணு உள்ள தண்டை நறுக்கி, இரண்டு கணு மண்ணுள் இருக்க நட்டால் வேர் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் நாற்பது பாகையைத் தொடும்போது அதனைக் கிழக்குச் சுவர் ஓரம் நகர்த்திவிட வேண்டும். பிற்பகல் வெயிலை அது தாங்காது. காலையும் மாலையும் நீர். மாதம் ஒருமுறை நுனியைக் கிள்ளினால் கிளைத்துக்கொண்டே போகும். ஆண்டு முழுதும் கீரை வேண்டும் இல்லத்தரசியார் மஞ்சளைத் தேர்வதே நன்று. கசப்பும் குறைவு, பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் குழந்தைகளும் மறுப்பதில்லை. வெள்ளையைத் துவையலாக்கினால் பெரியவர்களே முகம் சுளிப்பர்.

தண்டவாள ஓரத்திலும் சாக்கடைக் கரையிலும் வெள்ளை செழித்து நிற்கும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று பறிக்காதீர்கள். பாதையில் களைக்கொல்லி தெளிப்பதுண்டு என்பது இங்குள்ள நம்மவர்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருந்துக்கு வருவோம். கூந்தல் எண்ணெய்க்கு வெள்ளையே பேர் பெற்றது. சாற்றை எண்ணெயோடு சேர்த்து, நீர்ப்பசை வற்றிச் சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சுவது நம் பாட்டிமார் முறை. வெள்ளைத் துணியை இச்சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தி, அதனையே திரியாக்கி ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, புகையைத் தட்டில் பிடித்து மை கூட்டினர். (குழந்தைகள் கண்ணில் மையிட வேண்டா என்று இன்றைய மருத்துவர் கூறுவதையும் உடன் சொல்லிவிடுகிறேன்.) இராமலிங்க அடிகள் கரிசாலையைத் தூதுவளை, முசுமுசுக்கை, சீரகத்தோடு சேர்த்து நாடோறும் கொள்ளத்தக்கதாகப் போற்றினார்.

ஈரலுக்கு நல்லது என்பது இரண்டுக்கும் பொதுவான புகழ். அப்புகழுக்கு இரசாயனச் சான்று ஒன்று நம் சென்னையிலிருந்தே கிடைத்தது. மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவர்தம் குழுவினரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளின் அமைப்பை 1956இல் வெளியிட்டனர். வெடேலோலாக்டோன் என்று அதற்குப் பெயர். பின்னர் வெள்ளையிலும் அது உண்டு எனக் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் ஈரல் உயிரணுக்களை அது நஞ்சினின்றும் காக்கக் கண்டதும் உண்மை. ஆயினும் ஆய்வுக்கூடக் குடுவை வேறு. நோயுற்ற மனிதன் வேறு.

எங்கள் பகுதியில் பணிபுரியும் நண்பர் ஒருவருக்குக் கண் மஞ்சளாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று மூன்று வாரம் காலை தோறும் மஞ்சட்பூக் கீரையை அரைத்து மோரில் உண்டார். மஞ்சள் ஏறியதே தவிர இறங்கவில்லை, உடலெங்கும் அரிப்பு. இறுதியில் மருத்துவமனையில் சோதித்தபோது பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. அதை எடுத்த பின் பிழைத்தார். அவர் உண்டது எது என்று நான் போய்ப் பார்த்தேன், மும்மடல் இலை! ஆனால் உண்மையான கரிசாலையாகவே இருந்திருந்தாலும் அக்கல்லை அது கரைத்திராது என்பதை நாம் மறக்கலாகாது.

காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். கெட்ட நீரால் வரும் ஒருவகைக் காமாலை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும். அவ்வேளையில் உண்ட கீரைக்கு அப்பெருமை போய்ச் சேர்கிறது. இரத்தத்தின் வழியே தொற்றும் காமாலை அப்படித் தணியாமல் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து ஈரலைச் சுருக்கிவிடலாம். குழாய் அடைப்பு மூன்றாவது வகை. எது என்று இரத்தச் சோதனைதான் சொல்லும். நம் இரயில்வே மருத்துவமனையில் ஊழியர்க்கு அதற்குக் கட்டணமும் இல்லை. மலம் வெளுத்தல், அரிப்பு, காய்ச்சல், பேச்சில் தடுமாற்றம் இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே செல்ல வேண்டும். கருவுற்ற தாய்மாரும், நாள்தோறும் மருந்து உண்போரும் சாறாகவோ பொடியாகவோ கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வாரம் ஒருநாள் கூட்டு வைத்து உண்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்ததும் வாயிலருகே ஒரு மூங்கிற் கூடையில் மஞ்சளின் தண்டுகள் ஈரச் சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். வெள்ளையின் விதை சிறு பொட்டலங்களில் உள்ளது. வீட்டுக்கு இரண்டு தண்டு, ஒரு பொட்டலம். தண்டை இன்றிரவே தண்ணீரில் நிறுத்தி நாளைக் காலை நட்டுவிடுங்கள். விதையை மட்டும் மழை வரும் வரை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.