முன்சக்கர வண்டியின் இழுப்பு



எர்ணாகுளத்திலிருந்து வல்லார்பாடத்து மாதா கோயிலுக்குப் படகேறிச் சென்றவர்கள் நம்மிடையே இன்னும் பலர் இருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் மூன்றும் திறக்கப்பட்டபின், போல்காட்டியும் வல்லார்பாடமும் வைப்பினும் கரையோடு இணைந்தன. 2011-இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. களமசேரியிலிருந்து துறைமுகம் வரை 17 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த பாதையை மக்கள் கண்டெய்னர் சாலை என்று அழைக்கிறார்கள். காயலையும் சதுப்பையும் கடந்து ஓடும் அச்சாலையில், ஓரங்களில் நெடிய பெட்டி லாரிகள் நிற்கக் காணலாம். அங்கே வண்டி ஒரு முழம் விலகினாலும் போதும், விபரீதந்தான்.

அண்மையில் அச்சாலையில், மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ் நண்பர் ஒருவருடைய மகனின் வண்டியில் சென்றோம். அது மாருதி ஸ்விஃப்ட் டீசல் வண்டி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் எஞ்சின் 75 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. பையன் அதன் கணினியில் உள்ள கணக்கை மாற்றி, அதாவது ‘ரீமேப்’ செய்து, விசையை மேலும் ஏற்றியிருந்தான். அகன்ற அலாய் வீல்கள், அவற்றை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர்கள், வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகள் ஆகியவையும் சேர்ந்திருந்தன. இரண்டாம் கியரில் அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஸ்டீயரிங் தானாகவே இடப்புறம் திரும்பிற்று. இடப்புறத்தில் நின்றது ஒரு பெட்டி லாரி. பையன் கெட்டிக்காரன், இறுகப் பிடித்துத் திருப்பிவிட்டான். நமக்கு மட்டும் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

“பவர் ஏறினால் இழுக்கத்தானே செய்யும், மாமா” என்றான் அவன்.

பட்டறைகளில் பலரும் சொல்வது இதுவே. பாதி உண்மைதான், மற்றப் பாதியை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். பொறியியலார் இதனை ‘டார்க் ஸ்டீயர்’ என்பர். நாம் இழுப்பு என்றே சொல்வோம்.

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இத்தொல்லை இல்லை. அவற்றில் பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளின, முன்சக்கரங்கள் திரும்பின. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின், தள்ளும் வேலையும் திரும்பும் வேலையும் முன்சக்கரங்களின் தலையிலேயே விழுந்தன. குறுக்காக வைத்த எஞ்சினின் ஒரு முனையில் கியர்ப்பெட்டியைப் பொருத்தும் முறையை 1964-இல் இத்தாலியின் ஆட்டோபியாங்கி பிரிமுலா வண்டியில் தாந்தே ஜியாகோசா கொணர்ந்தார். இடத்தை மிச்சப்படுத்தும் அம்முறையே இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதற்கு நாம் கொடுக்கும் விலை ஒன்றுண்டு. டிஃபரன்ஷியல் வண்டியின் நடுவில் அமையாமல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது; ஆகவே சக்கரங்களுக்குச் செல்லும் இரு ஷாஃப்ட்களில் ஒன்று நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் அமைகின்றன.

சாதாரண டிஃபரன்ஷியல் முறுக்குவிசையை இரு பக்கமும் சமமாகவே பகிர்கிறது. அப்படியானால் இழுப்பு எங்கிருந்து வருகிறது? கதவொன்றை எண்ணிப் பாருங்கள். கீலுக்கு அருகே கைவைத்துத் தள்ளினால் கதவு அசைய மறுக்கும். பிடியருகே தள்ளினால் எளிதில் திறக்கும். முன்சக்கரத்துக்கும் அத்தகைய கீல் ஒன்றுண்டு. அதுவே சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு. சக்கரத்தின் மையம் அந்த அச்சிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியிருப்பதால், ஓடும் விசை ஒவ்வொரு சக்கரத்தையும் உட்புறமாகத் திருப்பப் பார்க்கிறது. இடமும் வலமும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோகும். ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. சமன் கெட்டால் மீதிவிசை நேரே கைக்கு வந்துவிடுகிறது.

சமன் பல வழிகளில் கெடும். மிதிக்கும்போது வண்டியின் முன்பகுதி எழுகிறது, ஷாஃப்ட்களின் சாய்வு மாறுகிறது. அம்மாற்றம் குட்டை ஷாஃப்டில் அதிகம். சாய்ந்த இணைப்பு சக்கரத்தைச் சுழற்றுவதோடு நில்லாமல் சற்றே திருப்பவும் செய்யும். நீண்ட ஷாஃப்ட் சற்று அதிகமாக முறுக்கிக்கொள்வதால் அப்பக்கத்து விசை கணநேரம் பிந்துவதும் உண்டு. எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தால் எஞ்சினே புரண்டு சாய்வைக் கெடுக்கும். லோயர் ஆர்ம் புஷ் ஒருபக்கம் கிழிந்திருந்தால் அப்பக்கத்துச் சக்கரம் முன்னும் பின்னும் நகரும்.

இனி, பையனின் ஸ்பேசரைப் பார்ப்போம். சில சென்டிமீட்டரே இருந்த நெம்புகோலை அது மேலும் இரண்டு சென்டிமீட்டர் நீட்டியது. ரீமேப் விசையை ஏற்றிற்று. ஸ்பேசர் அவ்விசைக்குக் கைப்பிடி பூட்டிக்கொடுத்தது! குட்டை ஸ்பிரிங்கோ ஷாஃப்ட்களைத் தொழிற்சாலை வகுத்த சாய்விலிருந்து நகர்த்திற்று. அழகுக்காக வாங்கியவைதாம் இழுப்பை வளர்த்தவை என்பதை அவன் நெடுநேரம் ஒப்பவில்லை.

பெரிய தொழிற்சாலைகள் என்ன செய்தன? 1955-இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். வண்டியில் திரும்பும் அச்சே சக்கரத்தின் மையத்தின் வழியாகச் சென்றது. நெம்புகோலே இல்லாமற் போயிற்று. பிற்காலத்தார் பலர் நீண்ட பக்கத்தில் ஓர் இடை ஷாஃப்டைத் தாங்கியில் பொருத்தி, அதற்கப்பால் இரு பக்கத்து நீளத்தையும் சமமாக்கினர். 2009-இல் ஃபோர்டு நிறுவனம் ஃபோகஸ் ஆர்.எஸ். வண்டியின் 305 குதிரைத்திறனையும் முன்சக்கரங்களுக்கே கொடுத்தது. அதற்காகச் சக்கரம் திரும்பும் முட்டியைத் தனியே வடிவமைத்து, நெம்புகோலைக் குறுக்கிற்று. இவையெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகும் வேலைகள். தெருமுனைப் பட்டறையில் ஸ்பானரால் ஆகிவிடுவதில்லை.

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் விசேட டிஃபரன்ஷியலை வாங்கிப் போட்டால் தீரும் என்று சிலர் சொல்வர். பிடிப்புக்கு அது நல்லதே. ஆனால் எந்தச் சக்கரம் சாலையைப் பற்றுகிறதோ அதற்கு அது விசையைக் கூட்டுவதால், ஒரு சக்கரம் நீர்த்தேக்கத்தில் இறங்கும் மழைநாளில் ஸ்டீயரிங் இன்னும் மூர்க்கமாக இழுக்கக்கூடும். கேரளத்து இடவப்பாதி மழையில் அதை விலைகொடுத்து வாங்க வேண்டுமா?

பணம் அதிகம் வேண்டாத வேலைகளை முதலில் செய்தோம். முன் டயர்கள் இரண்டும் வெவ்வேறு தயாரிப்பு, தேய்மானமும் வேறு. ஒரே வகைப் புது டயர்களை மாட்டிக் காற்றைச் சமமாக வைத்தோம். இடப்புறத்து லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது, மாற்றினோம். ஸ்பேசரைக் கழற்றினோம், பழைய சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் திரும்ப ஏறின. பிறகே வீல் அலைன்மென்ட் பார்த்தோம். புஷ் கிழிந்த வண்டிக்கு அதை முன்னதாகப் பார்ப்பது காசுக்குக் கேடு. அதே சாலையில், விடியற்காலையில், சாலை வெறிச்சோடியிருந்தபோது ஓட்டினோம். இழுப்பு விரல்நுனிக்குத் தெரியும் அளவே எஞ்சிற்று. முதல் இரண்டு கியர்களில் விசையைப் படிப்படியாக விடுமாறு கணினிக் கணக்கைத் தணித்தால் அதுவும் குறையும்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. நம்மவர் வேறு மாநிலத்தில் பிழைத்து, பண்டிகைக்குக் குடும்பத்தோடு எல்லை தாண்டுகிறவர்கள். நடுவழியில் தணிக்கை அதிகாரிக்கும், விபத்துக்குப்பின் காப்பீட்டுக்காரருக்கும் விடை சொல்லும் நிலை வந்தால் துணைக்கு ஊரார் இரார்.

ரீமேப்பை மட்டும் பையன் இன்னும் விடவில்லை. தீபாவளிக்கு வாளையார் வழியாகப் பாட்டியைப் பார்க்கப் புறப்படுமுன் தொழிற்சாலைக் கணக்கைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும், இல்லையேல் ரயிலில் போவோம் என்று அவன் தாயார் சொல்லியிருக்கிறார். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.