கைத்தொலைபேசியும் ஆங்கிலப் பாடமும்



தோட்டப்புறத்தில் இன்று பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசியாவது இருக்கின்றது. அது பிள்ளையின் கைக்குப் போனால் படிப்புக் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் தமிழ்ப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைக்கு எளிதில் கிடைக்காத ஒரு பொருள் அதே தொலைபேசிக்குள் இருக்கின்றது. ஆங்கில ஒலியைத்தான் சொல்கிறோம்.

நம் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறது. கடைத்தெருவிலும் மருந்தகத்திலும் மலாய் காதில் விழுகின்றது. ஆங்கிலமோ வகுப்பில் ஆசிரியர் வாயிலிருந்து வருவதோடு சரி. மணி அடித்ததும் அந்த ஒலியும் நின்றுவிடும். ஆரம்பப் பள்ளியில் இந்தக் குறை வெளியே தெரியாது. இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் தெரியும். எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்கு 2021ஆம் ஆண்டுக்கான தேர்விலிருந்து நான்கு தாள்கள்: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். அவற்றுள் இரண்டு தாள்கள் நாவுக்கும் காதுக்கும் வைக்கப்படும் சோதனை. வாய்பாடு போல மனனம் செய்து அவற்றைக் கடக்க முடியாது.

இயங்கலைக் கல்வி என்றதும் பலருக்கு நோய்த்தொற்றுக் காலம் நினைவுக்கு வரும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதன்பின் பாடத்தாள்கள் படங்களாகப் புலனத்தில் வந்து குவிந்தன. பிள்ளை அவற்றைப் பார்த்து எழுத, அம்மா அதைப் படம் பிடித்துத் திரும்ப அனுப்ப, இரவு பத்து மணி ஆகிவிடும். எங்கள் எண்ணத்தில் அது தாளைத் தொலைபேசி வழியாகக் கடத்திய வேலைதான். தொலைபேசியால் மட்டுமே செய்யக்கூடியது எதுவோ அதற்கு அதனைப் பயன்படுத்த வேண்டும். தாளில் ஒலி இல்லை. தொலைபேசியில் ஒலி உண்டு.

ஒலிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நம் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். சொற்களின் தலைக்குமேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதப்பட்டிருக்கும். அக்கா எழுதிக் கொடுத்திருப்பாள், அல்லது பிள்ளையே எழுதியிருக்கும். நல்ல எண்ணத்தில் செய்யும் வேலைதான். ஆனால் தமிழ் எழுத்து அந்தச் சுமையைத் தாங்காது. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதுங்கள். இரண்டும் 'பின்' என்றே வரும். குளிருக்கு அணியும் மேலங்கியும் 'கோட்', வெள்ளாடும் 'கோட்'. படித்துப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும்.

இது நம் பிள்ளைகளின் நாவில் உள்ள குறை என்று யாரும் எண்ண வேண்டாம். மலாய்மொழியில் காலைப்பொழுதைக் குறிக்கும் சொல்லையும், 'கொடு' என்னும் பொருள் தரும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாகி' தான். ஆயினும் மலாய் பேசும்போது எந்தப் பிள்ளையும் அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. காதால் கேட்டுக் கற்ற மொழி அது. அந்த வழியை ஆங்கிலத்துக்கும் திறந்துவிட வேண்டும் என்கிறோம்.

மலாயாலேயே வரும் சிக்கலும் உண்டு. இரு மொழிக்கும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. ஜே, ஏ, எம் என்ற மூன்று எழுத்தைக் கண்டால் மலாயில் 'ஜாம்' என்று படித்து மணியைக் குறிக்கிறோம். ஆங்கிலத்தில் அது ரொட்டியில் தடவும் 'ஜேம்'. ஏ, ஐ, ஆர் என்றால் மலாயில் தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று! மலாயில் எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெரும்பாலும் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு எளிய கருவி ஒலி அகராதி. கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. சொல்லை எழுதித் தேடினால் அதன் பக்கத்தில் சிறு ஒலிபெருக்கிப் படம் தோன்றும். அதைத் தொட்டால் சொல் ஒலிக்கும். பிரிட்டிஷ் உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் தனித்தனியே உண்டு. எது வேண்டும் என்று சில பெற்றோர் கேட்பார்கள். சிறு பிள்ளைக்கு எதுவானாலும் போதும். லண்டன்காரரைப் போல் பேச வைப்பது எங்கள் நோக்கமன்று. பிள்ளை சொல்வது பிறருக்கு விளங்க வேண்டும். பிறர் சொல்வது பிள்ளைக்கு விளங்க வேண்டும்.

அடுத்தது வகுப்பில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த ஒன்று. தொலைபேசியின் எழுத்துப் பலகையில் சிறிய ஒலிவாங்கிப் படம் இருக்கும். மொழியை ஆங்கிலமாக மாற்றி அதைத் தொட்டுப் பேசினால், காதில் விழுந்ததை அது எழுதிக் காட்டும். தட்டச்சு செய்யச் சோம்பும் பெரியவர்களுக்கு அமைந்த வசதி. நாங்கள் அதை உச்சரிப்புக்குப் பயன்படுத்துகிறோம். பிள்ளை வெள்ளாட்டுக்குரிய சொல்லைச் சொல்ல வேண்டும். திரையில் மேலங்கி வந்து நின்றால் வகுப்பே சிரிக்கும். சொன்ன பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். ஆசிரியர் திருத்தினால் கூசிப் போகும் பிள்ளை, இயந்திரம் காட்டினால் மறுபடியும் சொல்லிப் பார்க்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழு வாக்கியம் பேசினால், முன்பின் சொற்களை வைத்து இயந்திரம் ஊகித்துக்கொள்ளும். தவறாகச் சொன்னதையும் சரியாக எழுதிவிடும். ஆகவே உச்சரிப்புப் பயிற்சிக்குத் தனிச் சொற்களே பொருத்தம். சிறுவர் குரலை அது சில வேளைகளில் சரியாகப் பிடிப்பதுமில்லை. நம் ஊர்ப் பெயர்களைச் சொன்னால் என்ன எழுதும் என்பதை வீட்டில் சோதித்துப் பாருங்கள், நல்ல வேடிக்கை.

பேச்சுப் பயிற்சிக்குப் புலனத்தின் குரல் பதிவு போதும். புத்தகத்தில் ஒரு பத்தியைக் குறித்துக் கொடுத்து, அதை வாய்விட்டுப் படித்து அனுப்பச் சொல்கிறோம். வகுப்பில் வாயே திறவாத பிள்ளை, வீட்டுப் பின்புறம் நின்று நான்கு முறை படித்து, பிடிக்காததை அழித்துவிட்டு, ஐந்தாவதை அனுப்புகிறது. கோழி கத்துவதும் கோயில் ஒலிபெருக்கியும் சேர்ந்தே வரும். அதனால் ஒன்றும் குறைவில்லை. அந்த நான்கு முறைதான் பயிற்சி. புலனக் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பதிவு பெற்றோர் தொலைபேசியிலிருந்து, அவர்கள் முன்னிலையில் போவதே முறை.

இங்கே தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "டீச்சர், எனக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளை சரியாகப் படிக்கிறானா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?" கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முடித்ததும், "தம்பி, இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று தமிழில் கேளுங்கள். பொருள் விளங்கிப் படித்திருந்தால் தமிழில் சொல்லிவிடுவான். விழித்தால் விளங்கவில்லை. இதற்கு ஆங்கிலம் தேவையில்லை. பத்து நிமிடப் பொறுமை தேவை.

கேட்டல் பயிற்சிக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் சிறுவர்க்காக நடத்தும் இணையத்தளத்தில் கதைகளும் பாடல்களும் உள்ளன. வலையொளியில் கதை பார்த்தால் அதன் வேகத்தைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். திரையில் எழுத்து ஓடும் வசதியை முதல் முறை மூடி வைத்து, இரண்டாம் முறை திறந்து காட்டுங்கள். முதலிலேயே எழுத்து வந்தால் கண் படிக்கும், காது தூங்கிவிடும்.

இனிக் கேடு தரும் பக்கம். ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னால், தமிழில் எழுதி மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டு அப்படியே பார்த்து எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் தமிழில் எழுதும் வேலையும் இல்லாமற் போயிற்று. தலைப்பைக் கொடுத்தாலே கட்டுரை வந்துவிடுகிறது. அக்கருவியும் 13 வயதுக்குக் குறைந்தோருக்கு உரியதன்று என்று அதனை நடத்துவோரே விதித்துள்ளனர். நான்காம் ஆண்டுப் பிள்ளை பல்கலைக்கழக நடையில் எழுதி வந்தால் எங்களுக்குத் தெரியாமலா போகும்? தண்டிப்பதில்லை. எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். இரண்டாம் வரியிலேயே நின்றுவிடும். வேலை செய்தது கருவி. பிள்ளைக்கு ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. பொருள் தெரியாத ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பைப் பார்க்கட்டும், தடையில்லை. வாக்கியம் பிள்ளையுடையதாக இருக்கட்டும், பிழையோடு இருந்தாலும் சரி.

வீட்டில் ஒரே தொலைபேசி, அதுவும் அப்பாவிடம். அவர் விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது அதுவும் சட்டைப்பையில் செம்பனைக் காட்டுக்குள் போய்விடும். இதை ஆசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இன்று கொடுத்த வேலையை இன்றே அனுப்பச் சொல்வது முறையாகாது. இரண்டு மூன்று நாள் தவணை வேண்டும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துக் கொடுங்கள். இணையச் செலவைப் பற்றிக் கவலைப்படுவோர் நினைவில் வைக்க வேண்டியது: காணொலி தரவை விழுங்கும், குரல் பதிவு மிகக் குறைவாகவே எடுக்கும். கதைக் காணொலிகளைப் பள்ளியில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அகராதியும் குரல் பதிவும் போதும். அலைவரிசை கிடைக்கவில்லை என்று பிள்ளையை இருட்டில் தனியே மேட்டுக்கு அனுப்ப வேண்டாம். குரலைத் தொலைபேசியிலேயே பதிந்து வையுங்கள், மறுநாள் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வோம்.

கல்வி அமைச்சு 2020 ஜூன் மாதம் தொடங்கிய டெலிமா தளத்துக்குள் செல்ல மாணவர்களுக்கு அடையாளப் பெயரும் மறைச்சொல்லும் வழங்கப்படுகின்றன. அந்தச் சீட்டுத் தொலைந்துபோன வீடுகள் அநேகம். வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், மறுபடியும் பெற ஆவன செய்வார். வாங்கியதை ஒரு நோட்டுப்புத்தகத்தின் அட்டைக்கு உட்புறம் எழுதி வையுங்கள்.