சிலை நிதியும் வழிச்செலவும்

மற்போர் வீரர் கே. டி. ஜாதவுக்குச் சிலை எழுப்ப நன்கொடை கேட்டு, அம்பத்தூர் இளைஞர் சிலர் என் இல்லம் வந்தனர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கம் ஈட்டியவர் அவர். அப்பயணத்திற்குப் பொருளின்றித் தவித்தபோது ஊரார் பணம் திரட்டினர். கோலாப்பூர் இராஜாராம் கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் அளித்தார். வென்று மீண்ட ஜாதவ் மற்போர்கள் நடத்தி அக்கடனைத் தீர்த்தார்.

நானும் ஆசிரியன்தான். ஆவடியிலிருந்து வந்து படித்த ஓட்டக்காரச் சிறுவன் ஒருவன், வெளியூர்ப் போட்டிக்கு இரயில் கட்டணம் கேட்டான். நற்சான்றிதழ் மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவன் போகவில்லை.

இரசீதில் "சிலைக்கு" என்றிருந்ததை அடித்து, "போட்டிக்குச் செல்லும் பிள்ளையின் வழிச்செலவுக்கு" என்று எழுதினேன். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.